கண் சிமிட்டாத பெரியவர்

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் இதை என் மனைவி கீதா பக்கத்தில் இருக்கும்போது சொல்ல மாட்டேன். சொன்னால், "அப்போ எங்க ஊட்டு வாசல்ல செருப்ப உட்டுட்டு ஓடினது யாரு?" என்று கேட்பாள்.

ஓடியது நான்தான். அப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. ரப்பர் வளையத்தில் மயிரிழை பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துத் தூக்கிப் போடுவேன். (இந்தக் கண்ணைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட கர்வம்.) முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும், நண்பன் சதீஷ் எடுக்கும் கல்யாண வீடியோக்களை செல்போன் அளவுக்கு மாற்றிக் கொடுப்பது உபதொழில்.

கேமராவில் எடுப்பது டிவி மாதிரி அகலப் படம். ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் அது நெட்டையாக வேண்டும். இரண்டு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு ஒரு பட்டையை மட்டும் வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டைக்குள் யார் இருப்பது, யார் வெளியே போவது என்று முடிவு செய்வதுதான் வேலையே. முகத்தைத் தேடிப் பிடித்து சாப்ட்வேரே பின்னால் போகும் வசதியும் உண்டு.

திருப்பாச்சூர் கல்யாணம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான் சதீஷ். "மச்சான், பொண்ணோட அப்பா எல்லா கிளிப்லயும் இருந்தே ஆவணும்டா. பொண்ணோட அம்மா நாலு வாட்டி சொல்லிக்கினு இருந்துச்சு" என்றான். வேறு எதுவும் சொல்லாமல் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டான்.

நல்ல பட்டப்பகல். வீட்டில் யாரும் இல்லை. முதல் கிளிப்பை சாப்ட்வேர் பொறுப்பில் விட்டேன். மணப்பெண் சிரித்துக்கொண்டே மேடைக்கு வந்தாள். படம் அவளை விட்டுவிட்டு மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. அங்கே ஒரு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, முழங்கால்களின் மேல் இரண்டு கைகள். படம் அவர் முகத்தில் போய் நின்றுகொண்டது.

அடுத்தது தாலி கட்டும் நேரம். எல்லோரும் எழுந்து அட்சதை போட்டார்கள். படம் மறுபடியும் நகர்ந்தது. பெரியவர் எழுந்திருக்கவில்லை. அவர் புருவத்தில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிடவும் இல்லை. மூன்றாவதில் ஒரு குழந்தை அவர் மடியில் ஏறி இறங்கியது. அவர் குனிந்தே பார்க்கவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். முழு கிளிப்பிலும் ஒரு தடவைகூட அவர் கண் சிமிட்டவில்லை.

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். (காற்றுக்காகத்தான்.) சதுர அளவில் போட்டுப் பார்த்தேன். அதிலும் நடுவில் அவர்தான், நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்ட்வேர் வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிளிப்பாகக் கையாலேயே வெட்டி அவரை வெளியே தள்ளினேன். பெண்ணின் அப்பாவைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. பட்டு வேட்டியில், வருகிறவர்களையெல்லாம் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார் ஒருவர். அப்பா இல்லாமல் வேறு யார் இவ்வளவு சிரிப்பார்கள்? அவரை எல்லாவற்றிலும் வைத்து அனுப்பினேன். வந்த கையோடு அந்தம்மா ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டார்.

மறுநாள் பெண்ணின் தங்கை போன் செய்தாள். "சார், அம்மா உங்கள ஊட்டுக்கு வரச் சொல்றாங்க. லாப்டாப் எட்துனு வாங்க." பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தேன். ஹாலில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, முழங்கால்களின் மேல் அதே கைகள். ஃபேன் காற்றில் தலைமுடி மட்டும் லேசாக அசைந்தது.

"வணக்கம் ஐயா."

பதில் இல்லை.

"வீடியோ பண்ணது நான்தாங்க."

"சாப்ட்டீங்களா?" என்றுகூடக் கேட்டேன். (மறைத்து என்ன ஆகப் போகிறது.) அப்போதுதான் அவர் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தேன். அதே முகம், சட்டம் போட்ட படத்துக்குள். சந்தன மாலை, சின்ன சிவப்பு விளக்கு, கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள்.

தெருமுனை வரைக்கும் ஓடியிருப்பேன். பின்னாலேயே என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தங்கை ஓடி வந்தாள். "சார், நில்லுங்க சார். அது செலை சார், சிலிக்கான் செலை. அக்கா கல்யாணத்துல அப்பா இருக்கணும்னு அம்மா சொல்லி செஞ்சது."

திரும்பிப் போனேன். அந்தம்மா சிலைக்குப் பக்கத்தில் போனோடு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, பொண்ணு கல்யாணத்த பாக்காமலே பூட்டாரேன்னு இந்த செலைய செஞ்சி ஒக்கார வெச்சோம். உன் வீடியோல அவரு இல்ல. எல்லாத்துலயும் சம்பந்தி சிரிச்சிக்கினு கீறாரு. சொந்தக்காரங்க போன் பண்ணி, செலைய இன்னாத்துக்கு மறைச்சிட்டீங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லுவேன்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பயந்து வெளியே தள்ளியது ஒரு பெண்ணின் அப்பாவை. அங்கேயே, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லாப்டாப்பைத் திறந்தேன். சாப்ட்வேர் வசதியை மறுபடி போட்டேன். ஒவ்வொரு கிளிப்பிலும் படம் தானாக நகர்ந்து போய் அவர் முகத்தில் நின்றது. அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். அவர் நாலு வாட்டி சொன்னதை அந்த சாப்ட்வேர் ஒழுங்காகக் கேட்டிருக்கிறது.

செருப்போடு ஓடி வந்த அந்தத் தங்கைதான் கீதா. இரண்டு வருஷம் கழித்து எங்கள் கல்யாணத்திலும் மாமனார் புது வேட்டி கட்டி, கீதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீடியோ சதீஷ்தான். "மாப்பிள்ள இதுல கை வெக்க வேணாம். மிஷினே பாத்துக்கட்டும்" என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மிஷின் பார்த்துக்கொண்டது. தாலி கட்டும் கிளிப்பில் நடுநாயகமாக மாமனார், பக்கத்தில் கீதா. ஓரத்தில் இரண்டு கைகளும் ஒரு வலது காதும் தெரியும். கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் மாமியார் இன்றும் போனை எடுத்து, அந்தக் காதின் மேல் விரலை வைத்துக் காட்டுகிறார்.

"இதாங்க எங்க மாப்பிள்ள."