தலையணைக் கள்ளனுக்குப் பெண் கொடுக்கலாமா?

வால்தம்ஸ்டோ,
லண்டன்.

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மடு மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் நலம். என் பிரஷர் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது; என் மனுசி றோஸ்மலர்தான் எதற்கும் கட்டுப்படுகிறாள் இல்லை. மன்னாரில் உங்கள் முழங்கால் நோவு குறைய வேண்டுமென்று ஞாயிறு பூசையில் மன்றாடினேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் மகள் பிறின்சி ஆஸ்பத்திரி ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் எங்களோடுதான் இருக்கிறாள், இந்த வீட்டுச் சுவரோ பிஸ்கட் மட்டை மாதிரி மெல்லிசு. ஆகையால் கடிதம்.

அவளைக் கேட்டு வந்திருக்கும் கொட்வின் என்ற பொடியனை விசாரித்து, அவனுடைய எதிர்காலம் எப்படி என்று எழுதச் சொன்னீர்கள். விசாரித்தேன். எங்களைப் போல வேதக்காரக் குடும்பம், பிறந்தது கனடாவில், குடிப்பழக்கம் இல்லை. வேலைதான் பேஸ்போல். பொழுதுபோக்குக்கு அல்ல அக்கா, சம்பளத்துக்கு விளையாடுகிறான். நெஞ்சில் கொக்குப் படம் போட்ட ‘லீ வலி ஹெரன்ஸ்’ என்ற அணி. நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று, றோஸ்மலர் பொரித்துத் தந்த ஆட்டிறைச்சி றோல்ஸ் டப்பாவோடு சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்த புவனேசன், மலேசியத் தமிழர், கணக்காளர், தலையில் கொக்குத் தொப்பி. அணியின் நிலவரத்தைக் கேட்டேன்.

“இந்த வருஷம் நம்ம டீம் பிரகாசம் லா அண்ணே,” என்றார்.

அந்தப் பிரகாசத்தைக் கேளுங்கள். பந்து எறிகிறதில் முதல் ஆளுக்கு முழங்கைச் சவ்வு அறுந்து, கையில் வேறோர் இடத்திலிருந்து ஒன்றை எடுத்து அங்கே கட்டியிருக்கிறார்களாம்; அடுத்த வருஷம் வரை அவன் ஒரு எலுமிச்சம்பழம்கூட எறியக்கூடாதாம். இன்னொருவனை, அடி சரியில்லையென்று கீழ் அணிக்கு இறக்கிவிட்டார்கள். மூன்றாமவனை வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒருவரை வாங்குகிறார்கள். “ஆரை?” என்று கேட்டேன். “இன்னும் பேர் இல்லை அண்ணே. பின்னாடிதான் சொல்வாங்க,” என்றார். அக்கா, மீசை முளைத்த ஆம்பிளையைக் கொடுத்து ஞானஸ்நானம் எடுத்துப் பெயர்கூட வைக்காத குழந்தையை வாங்குகிற கூட்டமல்லவா இது!

பிறகு கொட்வின் பொல்லோடு வந்து நின்றான். வந்ததும் எதிரணிக்காரன் எறிந்த பந்து அவன் முதுகில் விழுந்தது. அவன் சண்டைக்கும் போகவில்லை, தடவிப் பார்க்கவுமில்லை. அடி வாங்கினால் அடுத்த மூலைக்குச் சும்மா போகலாமாம், போனான். மூலைக்கு மூலை வெள்ளைத் தலையணை மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். எல்லோரும் வேறெங்கோ பார்த்த நேரம் இவன் தலைதெறிக்க ஓடி, மண்ணில் சறுக்கி, அடுத்த தலையணையைப் பிடித்தான். சனம் எழும்பி நின்று கை தட்டியது. “திருடிட்டான்! திருடுறதுல இவனை அடிக்க ஆளே இல்லை!” என்று புவனேசன் துள்ளுகிறார். “அட, களவுக்கோ கை தட்டுறியள்?” என்று நான் கத்தினேன். களவெடுத்தவன் தப்பி ஓடவுமில்லை அக்கா, எடுத்ததன் மேலேயே ஏறி நின்று காற்சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த முறை அவன் அடித்த பந்து முன்னுக்குப் போகாமல் பின்னுக்குக் கிளம்பி, என் தோளில் பட்டு, மடியிலிருந்த டப்பாவுக்குள் விழுந்து றோல்ஸ் எல்லாவற்றையும் சம்பலாக்கியது. பந்து பிடித்துவிட்டேன் என்று ஆயிரம் பேர் ஆரவாரம். பெரிய திரையில் என் முகம், மீசையெல்லாம் றோல்ஸின் பாண்தூள்.

ஆட்டம் முடிந்ததும் கொட்வின் ஐஸ் பையோடு ஓடி வந்து என் முன்னால் முழங்காலில் நின்றான்.

“அங்கிள், நல்லா நோகுதோ? என்ர பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“நான் பிறின்சியின்ர மாமன்,” என்றேன். ஐஸ் பை நழுவி என் கால் சப்பாத்தில் விழுந்தது.

“அவ சுகமா இருக்கிறாவோ?” என்றான், தலையைக் குனிந்தபடி.

“அதிருக்கட்டும். தம்பி, உம்மட எதிர்காலம் என்ன?”

“முன்னுக்கு வரக்கூடிய ஆள் எண்டு பேப்பரில எழுதுகினம் அங்கிள்.”

“எவ்வளவு காலமா?”

“ஆறு வருஷமா.”

“பந்து வந்தா ஒழுங்கா அடிப்பீரோ?”

“பத்துக்கு மூண்டு அடிச்சாலே பெரிய ஆள் அங்கிள். நான் இப்ப ரெண்டரையில நிக்கிறன்.”

முப்பது மார்க் எடுத்த என்னை அய்யா பூவரசந்தடியோடு துரத்தியது உங்களுக்கு மறந்திராது. இங்கே அதற்குச் சம்பளம்! ஆகவே அக்கா, என் முடிவு இதுதான்: நாளைக்கே இவனையும் பெயரில்லாத ஒருவனுக்கு மாற்றிப்போடுவார்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம். பிறின்சி அழுவாள், அவளைத் தேற்றுவது என் பொறுப்பு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு, தோள் வீங்கிய உங்கள் தம்பி,
சூசைதாசன்

பி.கு.: கடித உறையை நக்கப்போகும் நேரம் பிறின்சி வேலை முடிந்து வந்தாள். மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். “ஐயோ மாமா, நான் அவருக்கு ஏலாது எண்டு போன கிழமையே சொல்லிப்போட்டன். நல்ல பிள்ளைதான், ஆனா வாயைத் திறந்தா பந்துதான்,” என்றுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். அக்கா, எனக்கு வந்த கோபம்! முன்பின் தெரியாத கிழவனுக்கு முழங்காலில் நின்று ஐஸ் பிடிக்கிற பொடியனை இந்த லண்டனில் எங்கே போய்த் தேடுவது? வேண்டாம் என்று சொல்ல நான் இருக்கிறேன், நீங்கள் இருக்கிறீர்கள், இவள் ஆர்? மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிட்டு வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவனை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். றோஸ்மலர் நண்டு வாங்க ஈஸ்ட் ஹாமுக்குப் போயிருக்கிறாள். பிறின்சிக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர முந்தியே ஞாயிறு போய்விடும்தான். என்றாலும் போன் எடுத்து அவளிடம் உளறிப்போடாதேங்கோ.