சமையலறைக்குப் பெர்மிட் எழுதியவர்

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது பதினொன்று. மிச்சம் ஏழில் இரண்டு பேரப்பிள்ளைகள். மற்றவை, அம்மா வேலைக்குப் போகிற வீடுகளில் இருந்து என் கையில் விட்டுப்போன பிள்ளைகள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனால் கணக்காக எழுதுவேன்.

இத்தனை வயதில் பயந்தாங்கொள்ளிகள் பலரைப் பார்த்தாயிற்று. கரப்பான் பூச்சியைக் கண்டு கட்டிலில் ஏறி நின்ற போலீஸ்காரன் வேறு யாருமில்லை, என் சொந்தத் தம்பி. ஆனால் அபுதாபிப் பக்கம் ருவைஸில், மகன் குடும்பத்தோடு நான் இருந்த குடியிருப்பில் 'பெர்மிட்' என்று ஒருவர் இருந்தாரே, அவர் பயத்துக்கு முன்னால் என் தம்பியெல்லாம் பெரிய வீரன். அரபு நாடு ஏழெட்டையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அப்படி ஒரு பயந்த மனிதர் கிடைக்கமாட்டார். அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? அங்கிருந்த எண்ணெய் பிளான்ட்டில் காஸ் வால்வு பழுது பார்ப்பது!

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தென்னை உயரம், ஈர்க்குச்சி உடம்பு. லீவு நாளில் தமிழ்க் குடும்பங்களுக்கு அடுப்பு, ஓவன் எல்லாம் சரிபார்த்துக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார், காபி குடிப்பார். ஆனால் அவரைக் கூப்பிடுவதற்கு நெஞ்சில் தைரியம் வேண்டும். காலிங் பெல்லைத் தொடமாட்டார், உள்ளே காஸ் இருந்தால் அதன் பொறியே போதுமாம்; விரல் முட்டியால்தான் தட்டுவார். செல்போனை மாடிப்படியில் வைத்துவிடுவார். கதவைத் திறந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல் வாசலில் குப்புறப் படுத்துவிடுவார். படுத்து, மூக்கைத் தரையில் வைத்து இழுப்பார்.

முதல் தடவை அதைப் பார்த்து, மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரென்று நான் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்துவிட்டேன்.

"ஏ யக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் தரையில் இருந்தபடியே. "இந்த சிலிண்டர் காஸு காத்தவிட கனம். கீழ படுத்துக் கெடக்கும். நின்னுக்கிட்டு மோந்தா எப்படித் தெரியும்?"

மோந்து முடிந்ததும் பெர்மிட். பிளான்ட்டில் ஒரு போல்ட்டைத் தொடுவதென்றாலும் அனுமதிச் சீட்டு எழுதி ஒட்டவேண்டுமாம். அதையே எங்கள் சமையலறைக்கும் எழுதுவார். என்ன வேலை, யார் செய்கிறார், என்ன ஆபத்து. கீழே வீட்டுக்காரியின் கையெழுத்து. என் பெயரை மட்டும் நான் அழகாகப் போடுவேன். அதைப் பார்த்து, "எங்க இஞ்சினீயர விட உங்க கையெழுத்து தெளிவு" என்பார்.

அதற்கப்புறம் வீட்டில் உள்ள அத்தனை பேரும் கார் நிறுத்துமிடத்தில் போய் நிற்கவேண்டும். தலையை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் ஸ்பானரை எடுப்பார். மாடியில் ஒரு மலையாள இஞ்சினீயர் வீட்டு அடுப்புக்கு அவர் வந்த அன்று, ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் நுரையோடு அந்த மனிதர் வெயிலில் நின்றார். தலைக்குச் சாயம் தடவியபடி அவர் மனைவி.

"ஒரு பர்னர் நோக்கான் இத்தற வேணோ?" என்று அவர் பல்லைக் கடித்தார்.

"ஸார், தல ஆடுது. எண்ணிக்க தப்பிரும்" என்றார் பெர்மிட்.

எங்கள் வீட்டு அடுப்பில் வந்த கோளாறு இது. அடுப்பைத் திறக்கிற திருகைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பற்றவைத்தால், கையை எடுத்த பிறகும் தீ நிற்கவேண்டும். பெரிய பர்னரில் கையை எடுத்ததும் அணைந்தது. பெர்மிட் வந்தார், படுத்தார், எழுதினார், எண்ணினார். பிறகு காட்டினார்.

"தீக்குப் பக்கத்துல சின்னக் கம்பி நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க. அது சூடா இருக்குற வரைக்கும் வால்வுக்குள்ள ஒரு காந்தம் கதவப் புடிச்சிக்கிட்டிருக்கும். தீ அணைஞ்சா கம்பி ஆறும், காந்தம் விட்ரும், காஸ் தானா நின்னுரும். நீங்க மறந்தாலும் அது மறக்காது."

கம்பியில் கரி படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார், நட்டை இறுக்கினார், தீ நின்றது. ஒரு மாதம் கழித்து மறுபடி அணைந்தது. இந்தத் தடவை தேய்த்தும் நிற்கவில்லை.

"காந்தமே போயிருச்சி. புதுசு அபுதாபில இருந்து வரணும், ஒரு வாரம் ஆவும்" என்று சொல்லி, திருகில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். "இதத் தொடாதிய யக்கா."

நாலு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளிடம், பெரிய அடுப்பை ஒரு வாரம் தொடாதே என்றால்? இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அட்டையை அவிழ்த்தேன். திருகை உள்ளே அழுத்தி, ஒரு துணிக் கிளிப்பை முட்டுக் கொடுத்து, பேரனின் பழைய ஜட்டி எலாஸ்டிக்கால் சுற்றிக் கட்டினேன். தீ ஜம்மென்று நின்றது. டெக்னீசியன் ஒரு வாரம் கேட்ட வேலையை ஒரு ஜட்டியில் முடித்தேன் என்று எனக்கு எவ்வளவு பெருமை! காந்தம் செய்கிற காவலை நான் கட்டிப்போட்டுவிட்டேன் என்பது புத்தியில் உறைக்கவில்லை.

இரண்டு நாள் ஓடியது. அதற்கு அடுத்த நாள் எனக்கு நல்ல ஜலதோஷம், மூக்கு அடைத்துக் கிடந்தது. மருமகள் நர்ஸ், டியூட்டிக்குப் போய்விட்டாள். பாலை ஏற்றிவிட்டு, சின்னப் பேத்தி வித்யாவைக் குளிப்பாட்டப் போனேன். பேரனும் பக்கத்து வீட்டுப் பையனும் கூடத்தில் டிவி பார்த்தார்கள். வாசல் கதவை யாரோ தட்டினார்கள். முட்டியால்.

சோப்பு நுரையோடு வித்யாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் திறந்தேன். பெர்மிட் ஏற்கெனவே வாசலில் குப்புறக் கிடந்தார். கையில் புது வால்வுப் பொட்டலம். நிமிர்ந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"யக்கா, சுவிட்சு எதுலயும் கைய வைக்காதிய. டிவி ஓடட்டும், அணைக்காதிய. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க. ஓடாதிய."

பால் பொங்கித் தீயை அணைத்திருக்கிறது. எலாஸ்டிக் கட்டிய திருகு காஸை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நாங்கள் தரைத் தளம். அவர் பின்பக்கம் சுற்றி ஓடி, கூண்டில் இருந்த சிலிண்டரை மூடிவிட்டு வந்தார். கார் நிறுத்துமிடத்தில் எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. யக்கா, உங்க வீட்ல பகல்ல அஞ்சுல்லா?"

நிஷா இல்லை. மேல் வீட்டு டீச்சரின் மகள், நாலு வயது. பேரன் விரலைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"நாங்க ஒளிஞ்சு விளையாடினோம் பாட்டி. அப்புறம் டிவில கார்ட்டூன் வந்துச்சு. நிஷாவ மறந்துட்டோம்."

"எங்கடா ஒளிவா?"

"கட்டிலுக்கு அடில."

சமையலறைக்கு அடுத்த அறைக் கட்டில். காஸ் கீழே படுத்துக் கிடக்கும் என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! அதே தரையில் அந்தப் பிள்ளையும் படுத்துக் கிடக்கிறாள். வீட்டுக்குள்ளே கார்ட்டூன் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. ஃபிரிட்ஜ் மோட்டார் தானாக ஓடும், தானாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு 'டிக்' சத்தம். அந்த ஒரு 'டிக்' போதும். நான் வித்யாவை இறக்கிவிட்டு ஓடப் பார்த்தேன். பெர்மிட் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க இங்க மூணு பேரையும் புடிச்சிக்கிட்டு நில்லுங்க" என்றார். செருப்பைக் கழற்றினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். உள்ளே போனார்.

சீட்டு எழுதவில்லை. கையெழுத்து வாங்கவில்லை. மோந்துகூடப் பார்க்கவில்லை.

நான் எண்ண ஆரம்பித்தேன். எனக்கு நூறு வரைக்கும் நன்றாக எண்ணத் தெரியும். அன்றைக்கு முப்பதுக்கு மேல் என்ன வருமென்று மறந்துபோய், முப்பது, முப்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தார். தோளில் நிஷா, கால்களை உதைத்துக்கொண்டு.

"நாட் ஃபேர் அங்கிள்! ஐயாம் நாட் அவுட்!"

"நீ அவுட் இல்லம்மா. நீதான் ஜெயிச்ச" என்று அவளை இறக்கிவிட்டார். ஒன்று முதல் ஐந்து வரை எண்ணினார். தன் நெஞ்சைத் தொட்டு ஆறு என்றார். உடனே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். தம்ளர் அவர் கையில் நிற்கவில்லை, நான்தான் வாயில் வைத்துப் புகட்டினேன்.

"பெர்மிட் போடாம உள்ள போயிட்டேனே யக்கா" என்று அதற்குத்தான் வருத்தப்பட்டார்!

பிறகு சன்னல் கதவெல்லாம் திறந்துவிட்டு, பாயால் தரையோடு தரையாக விசிறி, வெகுநேரம் கழித்துத்தான் எங்களை உள்ளே விட்டார். எலாஸ்டிக்கைப் பார்த்தார். திட்டாமல் அவிழ்த்து என் கையில் கொடுத்தார். அது திட்டியதைவிட மோசம்.

"தம்பி, டீச்சர்கிட்ட சொல்லிடுவீங்களா?" என்றேன். இனி அந்தப் பிள்ளைகளை என் கையில் விடமாட்டார்கள் என்று பயம்.

"நான் சொன்னா அது கம்ப்ளெய்ன்ட். நீங்க சொன்னா ரிப்போர்ட். நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். எலாஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். டீச்சர் நிஷாவை இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுப் பையனும் வரவில்லை. மூன்று நாள் என் மருமகள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள், என்னிடம் முகம் கொடுக்காமல். வளர்த்த பெருமையெல்லாம் வடிந்துபோய், பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலையில் கதவைத் தட்டும் சத்தம். பெர்மிட்தான் என்று திறந்தால் டீச்சர், நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

"பெல் இருக்கும்மா" என்றேன்.

"அடிக்க பயமா இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. "பெர்மிட் ஸார் ராத்திரி எங்க வீட்டுக்கு வந்தாரு. 'இந்த பில்டிங்லயே இனிமே அந்த அக்கா வீடுதான் பத்திரம். பயந்தவங்க கையில பிள்ளைய விடலாம், பயப்படாதவங்க கையிலதான் விடக்கூடாது'ன்னாரு. கிச்சன் பக்கம் மட்டும் விடாதீங்கம்மா."

அன்றிலிருந்து, பிள்ளைகள் உள்ளே வரும்போது ஒரு தரம், தூங்கும்போது ஒரு தரம் எண்ணினேன். நானும் தரையில் படுத்து மோந்தேன். மருமகள் சிரித்தாள், நான் விடவில்லை.

சில வருடம் கழித்து அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். சொல்லிக்கொள்ள வந்தபோது கேட்டேன்: "ஊர்ல போய் என்ன தம்பி செய்வீங்க?"

"பயப்படுததுக்கு அங்கயும் ஏதாவது இருக்கும்லா யக்கா" என்றார். அடுப்பை ஒரு தரம் பார்த்துவிட்டுக் காபி குடித்தார். போகும்போது நான்தான் அழுதேன்.

வித்யா, இங்கே வா. நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்திவிட்டு, ஒரு தரம் சத்தமாக வாசித்துக் காட்டு. சிரிக்கிற இடத்தில் சிரித்துக்கொள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாரே, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசி.