மண்ணோடு பேசும் மகான்

கல்யாண மண்டப வாசலில் தொட்டி தொட்டியாய் ஜனம். துவண்ட மிளகாய், சுருண்ட ரோஜா, தலை தொங்கிய தக்காளி என்று ஆளுக்கொன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவ்வளவு பொறுமையாக எந்த வரிசையிலும் நின்றிருக்க மாட்டார்கள். இருக்காதா பின்னே? வந்திருப்பவர் மண்ணோடு பேசும் மகான்! மண்ணில் காதை வைப்பார். மண் தன் மனக்குறையைக் கொட்டும். மந்திரத் தண்ணீர் தெளிப்பார். செத்த செடி எழுந்து நிற்கும். தண்ணீர் பாட்டிலில் கிடைக்கும். இலவசமாக அல்ல, மண்ணுக்குத்தான் ஆசை கிடையாது.

வரிசையில் முதல் ஆள் தையல்காரம்மா. வாழ்நாளில் முதன்முறையாகத் தோட்டம் போட்டவள். விதைப் பாக்கெட்டின் பின்பக்கம் படித்ததுதான் அவளுடைய விவசாயப் படிப்பு. தக்காளி ஆள் உயரம் வளர்ந்தது. ஒரு பூகூட வைக்கவில்லை.

"வெயிலே படாத மூலையில வச்சா எப்படிம்மா பூக்கும்?" என்று கேட்டாள் நாத்தனார். பஸ் கண்டக்டர். புருஷன் போன பிறகு தையல்காரம்மாவுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை.

ஐந்து நாள் முன்பு அவள் முதல் தடவை வந்தபோது, மகானின் காதில் மண் வேறு மாதிரி சொன்னது. "தினமும் உன் வீட்டுக்கு வந்து போறவ கண்ணு பட்டிருக்கு. அவளை உள்ள விடாதே. அஞ்சு நாள் செடிக்குத் தண்ணி காட்டாதே. அப்புறம் எடுத்துட்டு வா."

தையல்காரம்மா இரண்டையும் செய்தாள். செடி வாடியது. வீடும்தான்.

அன்று அவள் தொட்டியை மகான் முன்னால் வைத்ததும், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு குரல். "வழி விடுங்க, வழி விடுங்க!" கண்டக்டர்தான். இரண்டு கையிலும் இரண்டு வாடிய தொட்டி. தையல்காரம்மாவின் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று வைத்தாள்.

"நானும் அஞ்சு நாள் பட்டினி போட்டேன் சாமி. ஒண்ணுக்கு நீங்க மந்திரத் தண்ணி ஊத்துங்க. இன்னொண்ணுக்கு நான் தெருக்குழாய்த் தண்ணி ஊத்துறேன்."

"சந்தேகப்படுறவங்க முன்னாடி மண் பேசாது."

"பேச வேணாம் சாமி. செடி எந்திரிச்சு நின்னா போதும்."

கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஊத்துங்க சாமி! அவ மூக்கை உடைங்க!" பக்தர்களே கேட்ட பிறகு மகான் என்ன செய்வார்? ஊற்றினார்.

ஒரு மணி நேரம் போனது. மந்திரத் தண்ணீர் குடித்த செடி தலை தூக்கியது. கைதட்டல். பக்கத்தில் குழாய்த் தண்ணீர் குடித்த செடியும் தலை தூக்கியது. கைதட்டல் பாதியில் நின்றது.

மகான் அசரவில்லை. "என் சக்தி அந்தச் செடிக்கும் பரவிடுச்சு!"

நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தையல்காரம்மா மட்டும் தன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. தொங்கிய தலை தொங்கியபடியே இருந்தது.

"அங்கேருந்து இங்கே வரைக்கும் பரவுச்சுன்னா, நடுவுல இருக்கிற என் செடியை மட்டும் ஏன் சாமி தாண்டிப் போச்சு?"

மகானை அடுத்த ஊர் மண் அவசரமாகக் கூப்பிட்டது போலும். பாட்டில்களைக்கூட எடுக்காமல் பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார்.

"அண்ணி..." என்றாள் தையல்காரம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழுறதெல்லாம் வீட்டுல வச்சுக்கலாம். முதல்ல அதுக்குத் தண்ணி ஊத்து" என்றாள் கண்டக்டர்.

செடி வாடினால், மண்ணில் காது வைப்பவனைத் தேடாதீர்கள் ஐயா. உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் ஒரு சொம்பு தண்ணீர் போதும். காய்ந்தது மூளை என்றால்தான் சிக்கல். அதற்கு நீங்களேதான் கிணறு வெட்ட வேண்டும்.