தலவாக்கலையில் விட்டுவந்த சாட்சி

பெற்ற தாயைப் பஸ் நிலையத்தில் மறந்து விட்டுவிட்டுப் போன மகள்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ, எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி. அதுவும், என் மறதிக்குக் காரணம் என்னவென்று பரிசோதித்துக்கொள்ளப் போகிற வழியில்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியை. (கணக்கு டீச்சருக்கா கவனம் இல்லை என்று கேட்காதீர்கள். கணக்கில் கவனம் இருக்கும். கணக்குக் கொப்பியை எங்கே வைத்தேன் என்பதில்தான் இருக்காது.) குடை, சாவி, மூக்குக் கண்ணாடி என்று நான் தொலைத்தவற்றை வைத்து ஒரு கடையே போடலாம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துப் பழகியிருந்தேன்.

அடையாள அட்டை விவகாரத்தோடு அந்தச் சிரிப்பு நின்றது. சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். என் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகளின் விண்ணப்பங்களை, பிறப்புச் சான்றிதழ்களோடு வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று அலுமாரிக்குள் வைத்தேன். அவ்வளவு பத்திரமாக வைத்ததில் அடியோடு மறந்துபோனேன். கடைசி நாள் மதியம் பாடசாலை அதிபர் தேடி எடுத்து, மழைக்குள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பி வந்து அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"டீச்சர், நீங்க சோம்பேறி இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா ஏன் இப்பிடி ஆகுதுன்னுதான் வெளங்கல," என்றார்.

எனக்கும்தான் விளங்கவில்லை. பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு இருக்கலாம் என்று பிறகு போனில் படித்தேன். ஒவ்வொரு வரியும் எங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. நுவரெலியாவில் ஒரு கிளினிக்கில் நாள் கிடைத்தது. சிறுவயதிலிருந்து என்னை அறிந்த ஒருவரையும் கூட்டி வரச் சொன்னார்கள். அம்மாவை விட்டால் யார்?

அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மறதிக்கு ஒரு டெஸ்ட் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனேன்.

தலவாக்கலையில் பஸ் மாற வேண்டும். "பாத்ரூமுக்குப் போயிட்டு வாறேன், இங்கேயே நில்லு," என்று தன் பையையும் போனையும் என்னிடம் தந்துவிட்டு அம்மா போனார். நின்றேன். டாக்டர் சிங்களவர் என்பதால், சொல்ல வேண்டியதை மனதுக்குள் சிங்களத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே நின்றேன். 'மட்ட அமதக்க வெனவா.' எனக்கு மறந்து போகிறது. இலக்கணம் சரிதானா? நுவரெலியா பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. மட்ட அமதக்க வெனவா.

நானுஓயாவுக்குக் கொஞ்சம் முன்னால் கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு நுவரெலியா," என்றேன்.

"மத்தது யாருக்கு?"

பக்கத்தில் திரும்பினேன். லீக்ஸ் கட்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

அதே நேரம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வடைக் கடைக்காரரின் போனில் அம்மா. (என் நம்பர் எனக்கே மனப்பாடம் இல்லை. அம்மாவுக்கு இருந்தது.)

"எங்கடி இருக்க?"

"பஸ்லம்மா."

"எந்த பஸ்ல?"

"போற பஸ்ல."

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அம்மா வடைக் கடைக்காரரிடம் விசாரிப்பது கேட்டது. பிறகு, "எறங்கிறாத, கிளினிக்ல நம்பர் போயிரும். காசு இடுப்புல இருக்கு. அடுத்த பஸ்ல வாறேன்," என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கிளினிக் வாசலில் அம்மா தோன்றினார். "பெத்தவள மூட்டையாட்டம் போட்டுட்டு வந்துட்டியேடி!" வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸ் ரிஸ்னா மட்டும் பார்க்காத மாதிரி கார்டுகளை அடுக்கினார்.

உள்ளே போனோம். டாக்டர் அமைதியான பெண். அவர் சிங்களத்தில் கேட்பதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அம்மா என்னைப் பற்றிச் சொல்வதை நானே சிங்களத்தில் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் இருந்த ஆபத்து முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

"சின்ன வயசுல நான் அடிக்கடி மறப்பேனான்னு கேக்குறாங்கம்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எம்புள்ள எதையும் மறக்காது."

அப்படியே மொழிபெயர்த்தேன். கதவருகே நின்ற ரிஸ்னா இருமினார்.

"பொருள்களத் தொலைப்பேனாம்மா?"

"எங்க தொலைச்சா? எங்க லயத்து வீட்டு வரிசையில களவாணிப் பயலுக ஜாஸ்தி. அவனுக தூக்கிட்டுப் போயிருவானுக."

அடுத்து டாக்டர், அம்மா ஏன் தாமதமாக வந்தார் என்று கேட்டார்.

அம்மா கண் இமைக்கவில்லை. "நான்தான் பஸ்ஸ விட்டுட்டேன்."

ரிஸ்னா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தார். என்னைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, ரிஸ்னாவை மொழிபெயர்க்க அழைத்தார். எதற்காகப் பயப்படுகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார்.

"பைத்தியம்னு எழுதிட்டா இவ டீச்சர் வேல போயிரும்ல?" என்றார் அம்மா. "எத்தன கஷ்டப்பட்டுப் படிச்சா."

இது பைத்தியமில்லை, இதனால் வேலையும் போகாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு, நான் கேட்டிராத குரலில் ரிஸ்னாவிடம் பேசினார்.

"இவளுக்கு ஒம்போது வயசும்மா. கொழுந்து மலையிலேர்ந்து நான் வரச் சுணங்கும்னு, வேலைக்குப் போறவங்க புள்ளைகள விடுற புள்ள மடுவத்துல இருந்த சின்னவளத் தூக்கியாரச் சொன்னேன். இவ வழியில ஆத்துல தவளக் குஞ்சு பாத்துக்கிட்டு நின்னுட்டா. இருட்டுற நேரம் நான் போனா, பூட்டுன மடுவத்து வாசல்ல ஆயாம்மா மடியில சின்னவ அழுது அழுது தூங்குறா. வீட்டுக்கு வந்து இவள அடிச்சேன். ஏண்டி மறந்தன்னு கேட்டேன். தெரியலம்மான்னா. பொய் சொல்றான்னு இன்னும் அடிச்சேன்."

ரிஸ்னா மெதுவாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்குள் அம்மா டாக்டரைப் பார்த்து நேரடியாகக் கேட்டார்.

"தெரியலன்னு அவ சொன்னது நெசந்தானா டாக்டரம்மா?"

டாக்டருக்கு மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருந்தோம். எனக்கு நீளமாகத் தெரிந்த காத்திருப்பு அது. ஒன்பது வயதிலிருந்து நானும் அதே கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. வேண்டுமென்றே செய்கிறேன் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானே பாதி நம்பியிருந்தேன்.

"ஆமாம் அம்மா," என்றார் டாக்டர், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். "நிஜம்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வரும்வரை விடவில்லை. (தொலைந்துபோகாமல் இருக்கவும் இருக்கலாம்.)

இன்னும் இரண்டு தடவை போன பிறகு ஏ.டி.எச்.டி.தான் என்று உறுதியானது. மருந்து தந்தார்கள், சில பழக்கங்களும் சொல்லித் தந்தார்கள். இப்போது பிள்ளைகளின் படிவங்கள் என் கைக்கு வந்த அன்றே அதிபர் மேசைக்குப் போய்விடும். குடைகள் இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் போன குடைக்காக என்னை நானே திட்டிக்கொள்வது குறைந்திருக்கிறது.

அம்மாவின் சாட்சியம் மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. பால் பொங்கி வழிந்தாலும், என் கணவர் கரண்ட் பில்லை மறந்தாலும், யார் குற்றத்தை யார் ஏற்றாலும், "நான்தான் பஸ்ஸ விட்டுட்டேன்" என்பதே எங்கள் வீட்டு வசனம். மடுவத்தில் தூங்கிய தங்கச்சி கலாதான் அதை அதிகம் சொல்பவள்.

போன மாதம் கண் காட்ட ஹட்டனுக்குப் போன அம்மா அங்கிருந்து போன் எடுத்தார். அன்று கலாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அடியே, பஸ்ஸ விட்டுட்டேன்டி!"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "சிரிக்காதீங்கடி, நெசமாவே விட்டுட்டேன்!" என்றார். அதற்கு இன்னும் சிரித்தோம். போன் வெட்டுப்பட்டது.

பொழுது சாயும் நேரம் மறுபடி போன் அடித்தது. இம்முறை ஓர் ஆட்டோக்காரர்.

"அக்கா, ஒங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். இந்த அம்மா எறங்க மாட்டேங்குறாங்க. நீங்க எல்லாரும் வெளிய வந்து மன்னிப்புக் கேட்டாத்தான் எறங்குவாங்களாம்."

கேட்டோம். வாசலில் வரிசையாக நின்று கேட்டோம்.