தையல்நாயகியின் மூன்றாவது மூட்டு

ஒரு காட்டில், மனிதர்கள் தோன்றுவதற்குப் பல கோடி வருடங்களுக்கு முன்பே படிவங்கள் தோன்றிவிட்டிருந்தன. அங்கே தையல்நாயகி என்றொரு நெடுங்கழுத்துப் பல்லி இருந்தாள். சுவர்ப்பல்லி என்று நினைத்துவிட வேண்டாம். நாலு தென்னையைப் படுக்கவைத்த நீளம்.

கோடையில் அவள் அக்கரை மேட்டில் முட்டையிட்டு மூடிவிட்டு, இரை தேடி இக்கரைக்கு வந்தாள். அதற்குள் ஆற்றைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. முட்டை பொரியும் நாள் நெருங்கியது. மூன்று நாள் வரிசையில் நின்று சீட்டு அலுவலக ஜன்னலை அடைந்தாள்.

உள்ளே குமாஸ்தா கோமதிநாயகம். ஒரு முழ நீள ஓணான்.

"முதுகெலும்புல, ஒரு எலும்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தனை மூட்டும்மா?"

"மூணுங்க."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இடம் ஒண்ணு, வலம் ஒண்ணு. ரெண்டுதான் உண்டு."

"எங்க வம்சத்துக்கு நடுவுல இன்னொண்ணு உண்டுங்க. ஒரு எலும்புல ஆப்பு மாதிரி நீட்டிட்டிருக்கும், அடுத்த எலும்போட பள்ளத்துல போய்ப் பொருந்திக்கும். இந்தக் கனத்துக்கு முதுகு தொய்யக்கூடாதுல்ல?"

"படிவத்துல கட்டம் ரெண்டுதான். மூணாவதை எடுத்துட்டு வாங்க."

"எடுத்தா முதுகு உட்கார்ந்துடுமே."

"அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. நீலக் கலர்."

பின்னால் நின்ற முதலை சூடாமணி காதோரம் சொன்னாள்: "ரெண்டுன்னே எழுதுங்கக்கா. பிரிச்சா பார்க்கப் போறாங்க?"

தையல்நாயகிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் முட்டைகளை நினைத்துக்கொண்டு இரண்டு என்று எழுதினாள்.

"ரெண்டுன்னா முதுகு நல்லா வளையணும். எங்கே, வளைஞ்சு ஒரு கும்பிடு போடுங்க, சரிபார்த்துக்கறேன்."

கழுத்து தாராளமாகத் தாழ்ந்தது. முதுகோ வீட்டு உத்தரம் மாதிரி அப்படியே இருந்தது. கோமதிநாயகம் 'பணிவு போதாது' என்று எழுதி முத்திரை குத்தினார். வரிசை முழுக்கப் பார்க்க அவள் திரும்பி நடந்தாள்.

அன்று மதியமே வெள்ளம் வந்தது. அலுவலகம் சரிந்தது. கோமதிநாயகம் மேஜையோடும் முத்திரையோடும் அவள் வால் வழியாக ஏறினார். அவர் பின்னாலேயே மொத்த வரிசையும் ஏறியது. உதறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனசு வரவில்லை. ஆற்றில் இறங்கினாள். நட்டாற்றிலும் முதுகு ஒரு விரல்கூடத் தொய்யவில்லை.

"நல்ல உறுதி," என்றார் கோமதிநாயகம்.

"மூணாவது மூட்டுங்க."

அது அவர் காதில் விழவில்லை.

அக்கரையில் ஆமைக் காவலர் மறித்தார். "சீட்டு?"

"இல்லைங்க."

"அப்போ திரும்பிப் போங்க."

மேலிருந்து கோமதிநாயகம் எட்டிப்பார்த்தார். "இது ஆளில்லைப்பா, அலுவலகம்."

காவலர் உடனே கட்டடப் படிவத்தை எடுத்தார். "கூடுதல் தாங்கு மூட்டு உண்டா சார்?"

"எலும்புக்கு எலும்பு உண்டு."

"பிரமாதம்," என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு விறைப்பாக ஒரு சலாமும் வைத்தார்.

தையல்நாயகி முட்டைகளருகே போய் நின்றாள். அதற்குமேல் நகரக்கூடாது, கட்டடம் நகர்ந்தால் விலாசம் மாறிவிடும் என்றார்கள். மறுநாள் காலை முதல் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்து, "அம்மா" என்றது.

அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் வரிசையில் நிற்கும்படி அதனிடம் சொன்னார்கள்.

நீதி: ஆளாக இருந்தால் முதுகு வளைய வேண்டும், கட்டடமாக இருந்தால் வளையக்கூடாது. ஆகவே விண்ணப்பிக்கும் முன், மேலே யாராவது அதிகாரி உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளவும்.