ரோஸ் ஸ்வெட்டர் வெள்ளையான விவரம்

பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

முதலில் "சம்பந்தி அவர்களுக்கு" என்று எழுதி, அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் அடித்துவிட்டேன். அடித்தது தெரியாமலிருக்க மேலே மை தடவியதில் இன்னும் நன்றாகத் தெரிகிறது, மன்னிக்கவும். நாங்கள் மூவரும் நலம். தாங்களும் தங்கள் மனைவியாரும் மகனும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் சட்டைகள் நலமாக இல்லை என்பதைத் தங்கள் கடிதத்தில் கண்டு மிகவும் வருந்தினோம்.

நாலே வரியில் எழுதியிருந்தீர்கள். பெண்ணைப் பார்த்துப் போய் ஒரு மாதம் கழித்து, பேசி முடித்த அன்று நான் அன்பளிப்பாகக் கொடுத்த ரோஸ் ஸ்வெட்டர், தங்கள் மகனின் கையாலேயே குளிர்ந்த தண்ணீரில் அலசப்பட்டும், கூட ஊறிய ஆறு வெள்ளைச் சட்டைகளுக்குத் தன் நிறத்தை வாரி வழங்கிவிட்டுத் தான் வெள்ளையாகி, மூன்று வயதுக் குழந்தைக்கும் இறுக்கமாகச் சுருங்கிவிட்டது என்றும், அந்தச் சட்டைகளில் ஒன்றை வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டு போன தங்களைப் பார்த்து ஆபீசில் பியூன் முதல் எல்லோரும் சிரித்தார்கள் என்றும், "சாயம் போகிற சரக்கைக் கொடுப்பவர்களிடம் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறது" என்றும். என் மகள் அதைப் படித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று காதை வைத்துக் கேட்டேன். போனில் குசுகுசுவென்று பேச்சு மட்டும்தான் கேட்டது.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நூல் மில்லில் இருபத்தாறு வருடமாக மிக்ஸிங் மேஸ்திரி. பஞ்சையும் கம்பளியையும் ஒரே நூலாக்குவது லேசுப்பட்ட வேலையில்லை. பஞ்சு குட்டை, கம்பளி நெட்டை, அதனால் கம்பளியைப் பஞ்சின் நீளத்துக்கு நறுக்க வேண்டும். காற்று கொஞ்சம் உலர்ந்தாலும் கம்பளி கோபித்துக்கொண்டு உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும், அதற்கு ஈரம் தெளித்துத் தாஜா பண்ண வேண்டும். பிறகு பஞ்சு ஒரு அடுக்கு, கம்பளி ஒரு அடுக்கு என்று ஆள் உயரத்துக்குப் பரப்பி, மேலிருந்து கீழாக வெட்டியெடுத்து மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டுமே பார்வைக்கு வெள்ளை. பக்கத்தில் ஓடுகிற தனிப் பஞ்சோடு இது கலந்துவிட்டால் தொலைந்தோம். அதனால் அடையாளத்துக்காகக் கம்பளி மேல் ரோஸ் சாயத் தண்ணீர் தெளிப்போம். துணியாகி ஒரு தடவை தண்ணீர் பட்டால் போய்விடும். போகவேண்டும் என்றுதான் தெளிப்பதே. இது எனக்குத் தெரியாதா? புதிதாக வருகிற அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஆனால் நூலை அனுப்புவதோடு எங்கள் வேலை சரி, துவைப்பது வேறெங்கோ. அது வெள்ளையாகி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க ரோஸ்தான் அதன் பிறவி நிறம் என்று மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மேனேஜரிடம் கேட்டு மாதிரி நூல் வாங்கிவந்தேன். "இந்தக் கலர் எந்தக் கடையிலயும் கிடைக்காதே, எங்க பிடிச்சீங்க?" என்றாள் என் மனைவி. "நானே தெளிச்சது" என்று மார்தட்டினேன். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? அவள் ஒரு மாதம் உட்கார்ந்து தங்களுக்கு ஒன்று பின்னினாள். தங்கள் மகனுக்கும் ஒன்று பின்னினாள், அதில் இன்னும் ஒரு கை பாக்கி.

நிறம் போனது என் குற்றம். ஆனால் சுருங்கியதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பாதிக்கு மேல் பஞ்சு போட்ட நூல் குளிர்ந்த தண்ணீரில் இப்படிச் சுருங்காது. ஆனாலும் தங்கள் வார்த்தையைச் சந்தேகிக்க நான் யார்? அப்படியென்றால் என் அடுக்கில்தான் கம்பளி கூடிப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, மேனேஜரிடம் போய், "சார், என் மிக்ஸிங் தப்பாயிடுச்சு" என்றேன்.

"எந்த லாட்? எப்போ கலந்த சரக்கு?" என்றார், டீயைக் கீழே வைத்துவிட்டு.

"சம்பந்தி லாட் சார்."

அவ்வளவுதான். மெஷின்கள் நின்றன, லாரியில் ஏற்றிய மூட்டைகளையெல்லாம் இறக்கிப் பிரித்தார்கள், லேபில் சோதனை பார்க்கிற அம்மா நூலைக் காரக் கரைசலில் போட்டுக் கம்பளியைக் கரைத்து மிச்சப் பஞ்சை எடை போட்டார். இம்மி பிசகவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டபோது, "தப்பு இருந்தே ஆகணும்னு அடம்பிடிக்கிற ஒரே மேஸ்திரி நீங்கதான், போய் வேலையப் பாருங்க" என்று விரட்டிவிட்டார். இப்போது மில்லில் எனக்கே "சம்பந்தி லாட்" என்றுதான் பெயர். கேட்டில் வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

போகட்டும், சுருங்கியதும் என் குற்றமே என்று ஒப்புக்கொள்கிறேன். ஐயா, என் மகளுக்குத் தங்கள் மகனை மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள், அவரைப் பார்த்த அன்றே சரி என்றாள். என் முட்டாள்தனத்துக்கு அவளைத் தண்டிக்க வேண்டாம். தங்களுக்குப் புது ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். ஐந்து முறை அலசியாகிவிட்டது, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இனிமேல் போவதற்கு அதில் ஒன்றுமில்லை. தங்கள் மனைவியாருக்கு எங்கள் வணக்கம், மகனுக்கு எங்கள் ஆசி, தங்கள் ஆறு சட்டைகளுக்கும் எங்கள் ஆழ்ந்த வருத்தம்.

என்றும் பணிவுள்ள,
மிக்ஸிங் மேஸ்திரி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் அறைக்கதவைத் திறந்து வந்து இதை வாங்கிப் படித்தாள். மேலே நான் பணிவாக எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஸ்வெட்டரில் தாங்கள் காபியைக் கொட்டிக்கொண்டீர்களாம். கறை போகட்டும் என்று தங்கள் மகன் அதையும் ஆறு சட்டைகளையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அரைமணி நேரம் கட்டையால் கிண்டினாராம். தங்களிடம் சொல்லப் பயந்து, குளிர்ந்த தண்ணீர் என்றாராம். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாருப்பா. ஆனா நீங்க உங்க வேலையையே தப்புன்னு எழுதறதப் பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியல" என்கிறாள். ஆக, சுருங்கியது தங்கள் வீட்டுக் குற்றம். இப்போது யோசிக்கிற முறை என்னுடையது. யோசித்துவிட்டேன். அப்பாவின் சட்டையைத் தானே துவைக்கிற பையனை விட்டுவிட எனக்கு மனதில்லை. தேதி குறித்து எழுதுங்கள், சம்பந்தி. அவரைத் திட்ட வேண்டாம். பாக்கியிருந்த அந்த ஒரு கையையும் என் மனைவி இப்போதுதான் பின்னி முடித்தாள். அவருடையதும் இதே பார்சலில் வருகிறது. நல்ல ரோஸ். அதை அவரே துவைத்துக்கொள்ளட்டும்.