அருள்செல்வியின் கட்டைவிரல்

துடியலூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த சத்தியசீலனுக்கு அந்த வருடம் ஒரே ஒரு குறைதான். அவருடைய பிரிமியர் பத்மினி காரின் வேகம் உலகத்துக்குத் தெரியாமலே இருந்தது. அதற்குக் காரணம் மனைவியின் கட்டைவிரல் என்று அவர் உறுதியாக நம்பினார்.

தொண்ணூற்று நாலாம் வருடம் தை பிறந்ததும் ஏழு ஆண்கள் சேர்ந்து கார் பந்தய கிளப் தொடங்கினார்கள். மாதந்தோறும் கடைசிச் சனிக்கிழமை, சோமனூர் தாண்டி மூடிக்கிடந்த ஒரு மில்லின் ரோட்டில், ஆளுக்கு ஒரு கிலோமீட்டர். குறைந்த நேரத்தில் ஓட்டியவர் வீட்டில் அந்த மாதம் கோப்பை இருக்கும். நேரம் பார்க்க ஒருவரை ஒருவர் நம்பவில்லை. சத்தியசீலனின் மனைவி அருள்செல்வி கணக்கு டீச்சர், பொய் சொல்ல மாட்டார் என்று ஏழு பேரும் நம்பினார்கள். பள்ளிக்கூட ஸ்டாப்வாட்ச் அவர் கைக்குப் போனது.

ஆறு மாதம் ஓடியது. ஆறு பேர் வீட்டுக்குக் கோப்பை போய்விட்டு வந்தது. சத்தியசீலன் வீட்டு ஷோகேஸில் அதற்கென்று துடைத்து வைத்த இடம் மட்டும் இருந்தது.

ஜூலை மாதம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

“ஏனுங்க, இது என்னங்க, கல்யாண ஊட்டு ரேடியோ செட்டாட்ட இருக்குது?”

“டைமிங் மிஷின், அருளு. சிங்கப்பூர் சரக்கு. ரெண்டு ஸ்டாண்டுக்கு நடுவுல வெளிச்சம் பாயும். கார் குறுக்க போனா டக்குனு புடிச்சுக்கும். ஒரு செகண்டை நூறாப் பிரிச்சுக் காட்டும்.”

“எத்தனைங்க?”

சத்தியசீலன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “இருபத்தெட்டாயிரம்.”

“நூறாப் பிரிச்சது செகண்டை இல்லைங்க. என்ற வாஷிங் மிஷின் காசை.”

“வாஷிங் மிஷின் எங்கியும் ஓடிப்போயிராது. கோப்பை நம்ம ஊட்டுக்கு வரோணும். மனுச வெரலு தப்பும். மிஷின் தப்பாது.”

“இந்த ஒரே ஒரு மாசம் பழைய வாட்சுலயே பாத்துக்கலாமுங்க. அடுத்த மாசம் உங்க மிஷினை வெச்சுக்கங்க.”

“முடியாது. இந்த மாசமே!”

அருள்செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கணக்கில் முட்டை வாங்கிய பையனின் அப்பாவைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு துவைக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தது. மிஷின் நின்றது. நாற்பத்தோரு செகண்டுக்காரர் என்று ஆறு மாதம் மீசை முறுக்கிய கோவிந்தராஜுலு நாற்பத்தேழில் வந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை அப்துல் மஜீத் நாற்பத்தெட்டு. சத்தியசீலன் ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு ஆறு. ஏழாவது இடம். நல்ல வேளை, கிளப்பில் எட்டாவது ஆள் இல்லை.

“மிஷின் கோளாறுங்க” என்றார் கோவிந்தராஜுலு. ஜெயித்ததே அவர்தான். மஜீதும் மற்றவர்களும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அடுத்த மாதத்திலிருந்து மறுபடியும் டீச்சரம்மாவின் ஸ்டாப்வாட்ச் என்று அங்கேயே தீர்மானம் ஆனது. அந்தக் கிளப்பில் எதுவுமே இவ்வளவு சீக்கிரம் தீர்மானம் ஆனதில்லை.

திரும்பும் வழியில் சத்தியசீலன் ஸ்டியரிங்கைக் குத்தினார். “கடைசி! நெசமாலுமே நாந்தான் கடைசியா, அருளு?”

“எப்பவுமே நீங்கதானுங்க. நாந்தான் வெளிய சொல்றதில்லை.”

கார் தானாக நின்றது.

“அப்ப இந்த ஆறு மாசம்?”

“சீட்டுங்க. பொம்பளைங்க ஏழு பேரும் தையிலயே பேரெழுதிக் குலுக்கிப்போட்டோம். மாசம் ஒருத்தரு ஊட்டுக்காரரு செயிக்கறது. செயிச்ச ஆம்பளைகிட்ட அன்னிக்கு எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல மாட்டாரு. கோவிந்தராஜுலு அண்ணன் ஊட்டு வரலட்சுமி அக்காளுக்கு வைரத்தோடு. மஜீத் பாய் ஊட்டு குல்சும் அக்காளுக்குப் பிரிட்ஜு. வாட்சை அமுத்தறது மட்டும் என்ற வேலை.”

“நம்ம சீட்டு?”

“ஏழாவது. இந்த மாசமுங்க.”

சத்தியசீலன் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். சும்மா இருந்திருந்தால் கோப்பை வீட்டுக்கு வந்திருக்கும். இருபத்தெட்டாயிரம் கொடுத்து அதை விரட்டியிருக்கிறார்.

“கண்ணு, அடுத்த மாசம்...”

“அது புதுச் சீட்டுங்க. மொதப் பேரு வரலட்சுமி அக்காளுதுங்க. ஆனா நான் கேட்டா மொதச் சீட்டை வரலட்சுமி அக்கா உட்டுக்குடுப்பாங்க. நான் கேக்கோணும்.”

“என்ன செஞ்சா கேப்பே?”

அருள்செல்வி சோப்பு அரித்த கைகளை டேஷ்போர்டின் மேல் எடுத்து வைத்தார்.

திங்கட்கிழமையே வாஷிங் மிஷின் வந்து இறங்கியது. சிங்கப்பூர் ஸ்டாண்டுகள் இரண்டும் மொட்டை மாடிக்குப் போய், நடுவில் கொடி கட்டித் துணி காயப்போட வசதியாக அமைந்தன.

ஆகஸ்டில் ஸ்டாப்வாட்ச் தீர்ப்புச் சொன்னது. சத்தியசீலன், நாற்பது புள்ளி ஐந்து. கைதட்டல் சோமனூர் வரைக்கும் கேட்டிருக்கும். உண்மை தெரிந்திருந்தும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று பார்த்து எஞ்சின் நிஜமாகவே நன்றாகத்தான் ஓடியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாவம், இந்த ஆறு பேருக்கும் ஒன்றும் தெரியாதே என்று பரிதாபமும் வந்தது.

கோப்பையைக் கையில் கொடுத்த கோவிந்தராஜுலு, கட்டிப்பிடிக்கிற சாக்கில் காதருகே குனிந்தார்.

“எனக்கு வைரத்தோட்டோட முடிஞ்சுதுங்க. மஜீத் பாய்க்குப் பிரிட்ஜோட. மிஷினு ரெண்டா வாங்குனது நீங்க ஒருத்தருதானுங்க.”